ஆவணக் காப்பியல் பேராசிரியர்: ‘தொடர்புடைய பாடம்’ என்ற சொல்லில் இருக்கும் சிக்கல்

“ஆவணக் காப்பியல் – பேராசிரியர் – ஓர் இடம். அந்தப் பாடத்திலோ தொடர்புடைய பாடத்திலோ முனைவர் பட்டம் தேவை.”

பல்கலைக்கழக வேலை அறிவிப்பில் இப்படி ஒரு வரி வந்தால் வேலூர் வட்டாரத்தில் மூன்று விதமான ஆட்கள் ஒரே நேரத்தில் குழம்புவார்கள். வரலாறு படித்தவர் ‘இது நம் பாடம்தானே’ என்பார். நூலகவியல் படித்தவர் ‘அடுக்கி வைத்து அட்டவணை போடுவது எங்கள் வேலையாயிற்றே’ என்பார். கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் இருபது வருடம் தூசியில் உட்கார்ந்தவர், ‘இதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும், ஆனால் எனக்குத் தகுதி இல்லையாமே’ என்பார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயங்கள் எங்கே மோதிக்கொள்கின்றன என்று பார்க்க, பாடம் என்னவென்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காகிதம் எப்போது ஆவணம் ஆகிறது?

நூலகத்தில் இருப்பது புத்தகம். ஒரு பிரதி தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். அருங்காட்சியகத்தில் இருப்பது பொருள். அழகுக்காகவோ அருமைக்காகவோ தேர்ந்தெடுத்து வைத்தது. ஆவணக் காப்பகத்தில் இருப்பது இரண்டுமில்லை. யாரோ ஒருவர் தன் அன்றாட வேலையைச் செய்யும்போது தானாக உண்டான காகிதம் அது. ஏரிக்கரை உடைப்பை அடைக்கப் பணம் கேட்டு எழுதிய தாசில்தார் வரலாறு எழுதுவதாக நினைத்து எழுதவில்லை. அதனாலேயே அது நம்பகமான சான்று.

ஒரு பழைய கோப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்புத் துணி மூட்டையைப் பிரித்தால் உள்ளே கட்டுகள், கட்டுக்குள் கோப்புகள். காகிதங்களின் மூலையில் துளை போட்டு டேக் கோத்திருக்கும். ஒரு பாதி குறிப்புக் கோப்பு: எழுத்தர் விஷயத்தைச் சுருக்கி எழுதியிருப்பார், கீழே மேலதிகாரி பச்சை மையில் ‘பேசவும்’ என்று ஒற்றைச் சொல் போட்டிருப்பார். மறு பாதி நடப்புக் கோப்பு: வந்த மனு, போன கடிதம், வரைபடம், ஒட்டிய ஸ்டாம்பு. மேலே ந.க. எண், அதாவது அந்தக் கோப்பின் அடையாள எண். இதில் கலெக்டர் கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று ஒரு கடிதத்தை மட்டும் உருவிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டால், மிச்சமுள்ள காகிதங்கள் எதற்குப் பதில், யாருக்குப் பதில் என்றே தெரியாமல் போய்விடும். உருவிய கடிதத்துக்கும் அதே கதி.

ஆவணக் காப்பியல் என்ற பாடத்தின் முதல் வகுப்பே இதுதான்.

இரண்டு விதிகள்

1. தோற்றுவாய் விதி. ஓர் அலுவலகம் உண்டாக்கிய ஆவணங்களை இன்னோர் அலுவலகத்தின் ஆவணங்களோடு கலக்கக் கூடாது. 1841ல் பிரான்ஸ் அரசின் சுற்றறிக்கை ஒன்று இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

2. மூல அடுக்கு விதி. அந்த அலுவலகம் எந்த வரிசையில் வைத்திருந்ததோ அந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. 1881ல் பிரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் இதை விதியாக்கியது. 1898ல் மூன்று டச்சுக்காரர்கள் சேர்ந்து எழுதிய கையேடு இரண்டு விதிகளையும் உலகம் முழுக்கப் பரப்பியது.

கேட்கும்போது சாதாரணமாகத்தான் தோன்றும். ஆனால் நூலகப் பழக்கம் உள்ளவருக்குக் கை அரிக்கும். ‘ஏரி’ பற்றிய தாள்களையெல்லாம் ஒரு பக்கம், ‘கோயில்’ பற்றியதையெல்லாம் ஒரு பக்கம் என்று பொருள்வாரியாகப் பிரிக்கத் தோன்றும். வரலாற்று ஆய்வாளருக்கு வேறு மாதிரி அரிக்கும்: தன் ஆய்வுக்கு வேண்டியதை மேலே எடுத்து வைக்கத் தோன்றும். இரண்டும் இந்தப் பாடத்தில் பிழை. ஏரியைத் தேடுகிறவருக்கு வேண்டியது நல்ல அட்டவணை. அதற்காகக் கட்டைக் கலைக்க வேண்டியதில்லை.

வட ஆற்காட்டில் இது ஏன் வெறும் தத்துவம் இல்லை

மேலே சொன்ன தோற்றுவாய் விதியை விளக்க, தமிழ்நாட்டில் வேலூரின் பழைய மாவட்டமான வட ஆற்காட்டைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். எத்தனை முறை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் பாருங்கள்:

1. 1792ல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையில் பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. திருப்பத்தூரும் வாணியம்பாடியும் இதில் சேர்த்தி. பிற்பாடு இவை சேலம் மாவட்டத்தில் இருந்தன.

2. 1801ல் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதி கம்பெனி கைக்குப் போனது. வட ஆற்காடு மாவட்டம் அதன் பிறகு உருவானது. தலைமையிடம் வேலூர் அல்ல, சித்தூர்.

3. 1911ல் சித்தூர் தனி மாவட்டமானது. வட ஆற்காட்டின் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென்னாற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் வட ஆற்காட்டில் சேர்ந்தன.

4. 1953ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் அங்கே போனது. 1960ல் திருத்தணி மட்டும் திரும்பி வந்தது, ஆனால் வட ஆற்காட்டுக்கு வரவில்லை, செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது.

5. 1989 செப்டம்பர் 30ல் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என இரண்டானது. ஆரணி, செய்யாறு, வந்தவாசி எல்லாம் திருவண்ணாமலைப் பக்கம் போயின. அம்பேத்கர் மாவட்டம் பின்னால் வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது.

6. 2019ல் வேலூர் மூன்றாகி, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின.

இப்போது வாணியம்பாடியில் ஒரு நிலத் தகராறு என்று வையுங்கள். 1905ம் வருட வருவாய்க் கோப்பு என்றால் அதை உண்டாக்கியது சேலம் கலெக்டர் அலுவலகம். 1925 என்றால் வட ஆற்காடு. 1995 என்றால் வட ஆற்காடு அம்பேத்கர். 2010 என்றால் வேலூர். இன்றைய மனு திருப்பத்தூருக்குப் போக வேண்டும். நிலம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, காகிதம் ஐந்து பெயர்களில் கிடக்கிறது.

‘திருப்பத்தூர் சம்பந்தப்பட்டதையெல்லாம் பழைய மாவட்டங்களிலிருந்து பிரித்து எடுத்து ஒரே இடத்தில் வைத்துவிடலாமே’ என்று யாருக்கும் தோன்றும். மாவட்டம் பிரியும் ஒவ்வொரு முறையும் இந்த யோசனை வரும். ஆனால் சேலம் கலெக்டரின் 1905ம் ஆண்டு வரிசையிலிருந்து திருப்பத்தூர்த் தாலுகாத் தாள்களை உருவினால், அந்த வரிசையின் பதிவேட்டில் ஓட்டை விழும். மற்ற தாலுகாக்களோடு சேர்த்துப் போட்ட ஒரே உத்தரவு எந்தப் பக்கம் போகும்? ஆகவே பயிற்சி பெற்றவர் தாள்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ‘வாணியம்பாடி: 1911க்கு முன் சேலம் வரிசையைப் பார்க்கவும்’ என்று வழிகாட்டி எழுதுவார். இந்த ஒரு வரியை எழுதத் தெரிந்தவரைத்தான் பேராசிரியராகத் தேடுகிறோம். அந்த வரிக்குப் பின்னால் மாவட்ட வரலாறும் வேண்டும், அட்டவணைக் கலையும் வேண்டும், ரெக்கார்டு ரூம் அனுபவமும் வேண்டும்.

இதே விதி கல்லூரி மதிப்பெண் பட்டியலுக்கும் பொருந்தும். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002ல் தொடங்கியது. முதலில் வேலூர்க் கோட்டை வளாகத்தில் இருந்தது, இப்போது சேர்க்காட்டில் இருக்கிறது. 1998ல் வேலூரில் பட்டம் வாங்கியவர் மதிப்பெண் பட்டியலைத் தொலைத்துவிட்டால், பக்கத்திலிருக்கும் சேர்க்காட்டுக்குப் போய்ப் பயனில்லை. பட்டம் கொடுத்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். ‘யார் உண்டாக்கியது?’ என்ற கேள்விதான் இங்கேயும் முதலில் வருகிறது.

வேலூரின் காகிதங்கள் எங்கெங்கே இருக்கின்றன

சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909ல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கியது. 1670லிருந்து கம்பெனிப் பதிவேடுகள் அங்கே உண்டு. டச்சு ஆவணங்கள் அதற்கும் பழையவை. 1860களின் இனாம் (மானிய நில) பதிவேட்டு நகல் வாங்க, காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி எழும்பூர் போகிற கோயில் தரப்பும் வழக்குத் தரப்பும் இன்றும் உண்டு. 1806 ஜூலை 10 வேலூர்க் கிளர்ச்சி பற்றிய தாள்கள் எழும்பூரிலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. ரிஃபார்ம்டு சபை நடத்திய ஆற்காடு மிஷனின் காகிதங்கள் அமெரிக்காவில், அந்தச் சபையின் நியூ ஜெர்சி காப்பகத்தில். சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய இடா ஸ்கடரின் தாள்கள் ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில்.

உள்ளூரில் மிச்சமிருப்பது தாலுகா அலுவலகம், பதிவுத்துறை, நகராட்சி, கோர்ட்டு, கோயில், பள்ளி, தோல் ஷாப்பு, சங்கம் ஆகியவற்றின் காகிதம். பெரிய காப்பகங்கள் தொடாத பகுதி இது. இங்கே ஆள் பயிற்சி பெற்றால் வேலை இருக்கிறது.

வகுப்பில் என்ன நடத்த வேண்டும்

*கழிப்பு.* மாணவர்கள் காப்பு என்றுதான் நினைத்து வருவார்கள், ஆனால் ஆவணக் காப்பியலில் பாதி வேலை எதை அழிக்கலாம் என்று முடிவு செய்வது. முடிந்த கோப்பை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதற்கு மாவட்ட அலுவலக நடைமுறையில் ஒரு குறி உண்டு: எல்.டிஸ் என்றால் ஓராண்டு, கே.டிஸ் என்றால் மூன்றாண்டு, டி.டிஸ் என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ் என்றால் நிரந்தரம். கோப்பை முடிக்கும் எழுத்தர் அன்றைக்குப் போடும் இந்தச் சின்னக் குறிதான் ஐம்பது வருடம் கழித்து வரலாறு இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. கொஞ்சம் பயமான விஷயம்தான்.

*படிக்கத் தெரிவது.* வருவாய்த் தாள்களில் ஆங்கில வருடம் மட்டும் இருக்காது. பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டும் இருக்கும். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய வருடம் வரும், தொடக்கம் ஜூலை 1. பசலி 1315 என்றால் 1905 ஜூலை முதல் 1906 ஜூன் வரை. அப்புறம் பைமாஷ் எண் (பழைய நில அளவை எண்) என்றால் என்ன, அது பிற்பாடு சர்வே எண்ணாக மாறியதை எந்தப் பதிவேட்டில் ஒப்பிடுவது, இனாம் பதிவேட்டில் எந்தப் பத்தி எதைச் சொல்கிறது, இதெல்லாம் தெரிய வேண்டும். வட ஆற்காட்டுக்குத் தமிழோடு தெலுங்கும் வேண்டும். நவாபு காலத்துக்குப் பாரசீகம் வேண்டும். ஒரே ஆளுக்கு எல்லாம் தெரியாது. தெரிந்தவரை எங்கே தேடுவது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

*பராமரிப்பு.* வேலூர் வெயிலும் ராமபாணப் பூச்சியும் சேர்ந்தால் காகிதம் என்ன பாடு படும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய மையில் உள்ள இரும்பு காகிதத்தையே அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விடும். இதைச் செய்முறையாகக் கற்பிக்க மேசை, பிரஷ், தாள், ஒட்டுப்பசை வேண்டும். கரும்பலகை மட்டும் போதாது.

*கணினி.* ஸ்கேன் செய்வது எளிது. ஸ்கேன் செய்த ஆயிரக்கணக்கான படங்களில் எது எந்தக் கோப்பின் எத்தனையாவது தாள் என்று பெயரிடுவதுதான் வேலை. அது பழைய அட்டவணை வேலையேதான், பெயர்தான் புதுசு.

*சட்டம்.* 1993ம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும் உரியது, மாநில அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தாது. ஆனால் 2005ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் எல்லாருக்கும் பொருந்தும். அதன் 4வது பிரிவு, ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டியது ஒவ்வொரு பொது அலுவலகத்தின் கடமை என்கிறது. ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று வரும் பதிலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது சதியல்ல, அட்டவணை இல்லாததுதான்.

நியமன விதி என்ன சொல்கிறது

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ம் ஆண்டு ஒழுங்குமுறைகள்தான் அடிப்படை. சுருக்கமாக:

1. உதவிப் பேராசிரியர்: பாடத்திலோ தொடர்புடைய பாடத்திலோ 55% மதிப்பெண்ணுடன் முதுகலை, அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி. விதிப்படி பெற்ற முனைவர் பட்டம் இருந்தால் நெட்டிலிருந்து விலக்கு. சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும்.

2. இணைப் பேராசிரியர்: முனைவர் பட்டம், 8 ஆண்டு அனுபவம், 7 ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் 75.

3. பேராசிரியர்: முனைவர் பட்டம், 10 ஆண்டு அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் 120. சம்பளத் தொடக்கம் 1,44,200 ரூபாய்.

தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தர் தலைவர். வேந்தரின் பிரதிநிதி, வெளியிலிருந்து மூன்று பாட வல்லுநர்கள், புலத் தலைவர், துறைத் தலைவர் ஆகியோர் இருப்பார்கள். இதன் மேல் தமிழ்நாட்டின் 69% இட ஒதுக்கீடும் இனச்சுழற்சியும் உண்டு.

வரலாறு, வேதியியல் போன்ற பாடங்களுக்கு இது பழகிய பாதை. ஆவணக் காப்பியலுக்கு வரும்போது நான்கு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, நெட் தேர்வில் ஆவணக் காப்பியல் என்று தனிப் பாடமே இல்லை. வரலாறு இருக்கிறது, நூலக அறிவியல் இருக்கிறது, அருங்காட்சியகவியலும் பராமரிப்பும் சேர்ந்த ஒரு பாடம் இருக்கிறது. ஆக யார் வந்தாலும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டாவது, நாட்டில் இதற்கென்று பெயர்பெற்ற பயிற்சி டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓராண்டு டிப்ளமா. தேசிய ஆவணக் காப்பகம் 1891ல் கல்கத்தாவில் தொடங்கியது, அதன் பயிற்சிப் பள்ளிக்கு 1980ல் ஆவணக் காப்பியல் பள்ளி என்று பெயர் வந்தது. இந்த டிப்ளமா முதுகலைப் பட்டம் அல்ல. ஆகவே விதிக் கணக்கில் அதற்கு எடை கிடையாது. தொழிலில் மிக மதிப்புள்ள தகுதி, விண்ணப்பத்தில் ‘இதர தகுதிகள்’ கட்டத்தில் போய் உட்காரும்.

மூன்றாவது, ஆய்வு மதிப்பெண். சமூக அறிவியல், கலைப் புலங்களில் அங்கீகரித்த இதழில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். மதிப்பெண் குறைந்தது மூன்று வகைகளிலிருந்து வர வேண்டும் என்பதால், கட்டுரையோடு நூல், ஆய்வு வழிகாட்டல் போன்றவையும் சேர்ந்தால் 120 வந்துவிடும். ஆனால் மூவாயிரம் கோப்பைப் பிரித்துப் படித்து, தூசியில் இருமி, விளக்க அட்டவணை தயாரித்தவருக்கு அந்த வேலைக்கென்று ஒரு கட்டம்கூட அந்தப் பட்டியலில் இல்லை. மொழிபெயர்ப்புக்கு இடம் இருக்கிறது, அட்டவணைக்கு இல்லை. மூட்டையைத் தொட்டே பார்க்காதவர் மூட்டைகளைப் பற்றிக் கட்டுரையும் நூலும் எழுதிப் பேராசிரியராக வரலாம். அந்த மூட்டைகளைக் காப்பாற்றியவர் வர முடியாது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல இது. எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவுகோல் வைத்ததன் விளைவு.

நான்காவது, பாட வல்லுநர்கள். வெளியிலிருந்து வரும் மூவரும் ‘பாட’ வல்லுநர்களாக இருக்க வேண்டும் என்றால், எந்தப் பாடம்? மூவரும் வரலாற்றுப் பேராசிரியர்களாக வந்து உட்கார்ந்தால் தேர்வாகிறவர் யாராக இருப்பார் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

அறிவிப்பிலேயே முடிந்துவிடும் கதை

ஆகவே எல்லாம் ‘தொடர்புடைய பாடம்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. அதை வெறுமனே விட்டுவிட்டால் விண்ணப்பம் வந்த பிறகு ஆளாளுக்கு ஒரு விளக்கம் கொடுப்பார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, விதிகள் இடம் தராதபோது ஆள்தேர்வு தொடங்கிய பின் தகுதி அளவுகோலை நடுவில் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. அறிவிப்பில் எழுதாமல் விட்டதை நேர்காணல் அறையில் சேர்க்க முடியாது. சேர்த்தால் ரிட் மனுதான்.

சரி, என்ன எழுதலாம்? தொடர்புடைய பாடங்கள் வரலாறு, நூலகத் தகவல் அறிவியல், அருங்காட்சியகவியலும் பராமரிப்பும் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடலாம். தேசிய ஆவணக் காப்பக டிப்ளமாவையோ, ஆவணக் காப்பகத்தில் இத்தனை ஆண்டு வேலை பார்த்த அனுபவத்தையோ ‘விரும்பத்தக்க தகுதி’யாகச் சேர்க்கலாம். கட்டாயத் தகுதியாகப் போட்டால் விண்ணப்பமே வராமல் போகும் ஆபத்து உண்டு. விரும்பத்தக்கது என்று போட்டால் தேர்வுக் குழு அதைப் பார்க்கவாவது செய்யும்.

ஒரு பேப்பருக்கு ஒரு பேராசிரியரா?

அடுத்த முட்டுக்கட்டை பாடவேளை. விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு எடுக்க வேண்டும். பேராசிரியருக்கு 14. இன்று தமிழ்நாட்டில் ஆவணக் காப்பியல் பெரும்பாலும் வரலாற்றுப் பட்டப்படிப்பில் ஒரு விருப்பப் பாடமாக இருக்கிறது. அதற்கு வாரம் நான்கைந்து மணி நேரம். அந்தக் கணக்கை வைத்துத் தனிப் பணியிடம் கேட்டால் நிதித்துறை சிரிக்கும். எனவே வரலாற்று ஆசிரியர் ஒருவர் கூடுதலாக அந்தப் பேப்பரை எடுத்து நோட்ஸ் கொடுப்பார். மாணவர் ‘தோற்றுவாய் விதி’க்கு ஐந்து மதிப்பெண் விடை எழுதுவார், கோப்பைப் பார்க்காமலே.

பணியிடம் வேண்டுமென்றால் முதலில் மூன்று நான்கு பேப்பர் கொண்ட படிப்பு வேண்டும். ஓராண்டு முதுநிலை டிப்ளமா என்றால் கணக்கு சரியாக வரும். ஆனால் படிப்பு தொடங்க ஆசிரியர் வேண்டும், ஆசிரியருக்குப் படிப்பு வேண்டும். கோழியா முட்டையா என்ற பழைய வழக்கு.

நடைமுறைப் பேராசிரியர் என்ற குறுக்குவழி

2022ல் மானியக் குழு ஒரு புது வழி திறந்தது. ஒரு துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவரை, முனைவர் பட்டமோ கட்டுரைகளோ கட்டாயமில்லாமல், நடைமுறைப் பேராசிரியராக எடுத்துக்கொள்ளலாம். ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஆனால் இவர்கள் அந்தப் பணியிடங்களை நிரப்புகிறவர்கள் அல்ல, கூடுதல் ஆட்கள். ஓராண்டில் தொடங்கி, மொத்தம் நான்கு ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. ஏற்கெனவே ஆசிரியர் வேலையில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் இது கிடையாது.

ரெக்கார்டு ரூம்காரருக்கு இது திறந்திருக்கும் ஒரே கதவு. எழும்பூரிலோ டெல்லியிலோ முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவரை வேலூருக்கு அழைத்துவர முடியும். குறையும் உண்டு: நான்கு ஆண்டில் அவர் போய்விட்டால் படிப்பும் அவரோடு போய்விடும்.

என் கணக்கில் இந்த ஊருக்குச் சரியான வழி, ஒரே பெரிய பதவியை உண்டாக்கி ஆள் தேடி அலைவதல்ல. நிரந்தர உதவிப் பேராசிரியர் ஒருவர், மாவட்ட வரலாறும் அட்டவணைக் கலையும் கற்றவர். அவரோடு நடைமுறைப் பேராசிரியர் ஒருவர். அந்த நான்கு ஆண்டில் மூத்தவரின் கைப்பழக்கம் இளையவருக்கு இறங்க வேண்டும். பேராசிரியர் என்றால் எட்டு ஆய்வு மாணவர்களை எடுக்கலாம், உதவிப் பேராசிரியருக்கு நான்குதான். அந்த நஷ்டம் உண்மைதான். ஆனால் இப்போதைக்கு இந்த வட்டாரத்துக்கு முனைவர் பட்டங்களைவிடக் கோப்பைப் பிரிக்கத் தெரிந்த கைகள்தான் அதிகம் தேவை.

படித்தவர்களுக்கு வேலை எங்கே?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அரசுக் காப்பகங்களில் பணியிடம் குறைவு. வெளியே இருக்கிறது: ரிசர்வ் வங்கி 1981ல் புனேயில் தனக்கென்று ஒரு காப்பகம் தொடங்கியது, டாடா குழுமம் 1991ல் தொடங்கியது. பல்கலைக்கழகங்களும் பழைய நிறுவனங்களும் மெல்ல அந்த வழியில் வருகின்றன. நிலத் தகராறு வழக்குகளில் பழைய பதிவேட்டைத் தேடிக் கொடுப்பதே இங்கே ஒரு தொழில்தான், இப்போது அதைப் பயிற்சி இல்லாமல் செய்கிறார்கள்.

நேர்காணலில் என்ன கேட்கலாம்

விதி அனுமதிக்கும் எல்லைக்குள், தேர்வுக் குழு விண்ணப்பதாரரைப் பாடம் நடத்திக் காட்டச் சொல்லலாம். அதற்குப் பவர்பாயிண்ட் வேண்டாம். மேசையில் ஒரு பழைய கட்டை வையுங்கள். சிவப்புத் துணி, நாடா, உள்ளே கலைந்தும் கலையாமலும் நாற்பது கோப்பு, நடுவில் வேறு அலுவலகத்திலிருந்து தவறி வந்த ஒன்று. பத்து நிமிடம் கொடுங்கள்.

சிலர் நேராகத் தேதி வரிசையில் அடுக்கத் தொடங்குவார்கள். சிலர் சுவையான ஒரு மனுவைக் கண்டுபிடித்து அதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள், நன்றாகவே பேசுவார்கள். ஒருவர் மட்டும் முடிச்சை அவிழ்க்கும் முன் மூட்டையின் மேல் ஒட்டியிருக்கும் கிழிந்த சீட்டைப் படித்து எழுதிக்கொள்வார், கோப்புகளை இருந்த வரிசையிலேயே எண்ணுவார், தவறி வந்த கோப்பை எடுத்துவிடாமல் அது இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ‘இது இங்கே எப்படி வந்தது?’ என்று குழுவைப் பார்த்துக் கேட்பார்.